ஸ்ட்ராண்டில் பூட்டிக் கிடக்கும் ஆல்ட்விச் ஸ்டேஷன்: யாருக்காவது கதை தெரியுமா?

நித்யா_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் கிங்ஸ் காலேஜில் எம்.ஏ. படிக்க வந்திருக்கேன். பாதி வகுப்பு ஸ்ட்ராண்ட் கட்டடத்தில், மீதி எதிர்ப்பக்கம் புஷ் ஹவுஸில். காலேஜை ஒட்டினாற்போல ஒரு ஒடுக்கமான கட்டடம் இருக்கு. முகப்பு முழுக்க ரத்தச் சிவப்பில் பளபளன்னு ஓடு. மேலே 'ஸ்ட்ராண்ட் ஸ்டேஷன்'னு எழுத்து, கீழே இழுத்துப் பூட்டின கதவு. பக்கத்துச் சந்தில், சர்ரே ஸ்ட்ரீட்டில் திரும்பினா அதே சிவப்பில் இன்னொரு வாசல். அதுவும் பூட்டு.

டியூப் (லண்டன் சுரங்க ரயில்) மேப்பில் ஸ்ட்ராண்ட்னு ஒரு ஸ்டேஷனே இல்லை. கூடப் படிக்கிற பொண்ணு அதுக்குப் பேர் ஆல்ட்விச்னு சொல்றா. காலேஜ் வாசல் செக்யூரிட்டி, 94-லயே மூடிட்டாங்க, போர் சமயத்தில் மியூசியம் சிலையெல்லாம் உள்ளதான் இருந்துச்சுன்னு சொன்னார். என்னை ஓட்டுறாரோன்னு நினைச்சேன்.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு ரயில் நின்னு போகணும்னாலே மனு, மறியல்னு வருஷக்கணக்கா நடக்கும். இங்கே கோர்ட்டு, காலேஜு, தியேட்டர், நம்ம தூதரகம் இருக்கிற இந்தியா ஹவுஸ் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஸ்டேஷனைப் பூட்டி வெச்சிருக்காங்க. ஏன்? உள்ளே போய்ப் பார்க்க வழி உண்டா? பழைய ஆட்கள் யாராவது அதில் போயிருக்கீங்களா?

—

மேப்_பைத்தியம்:

செக்யூரிட்டி சொன்னது உண்மைதாங்க, ஓட்டலை.

பேர் விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். 1907 நவம்பர் 30 அன்னிக்குத் திறந்தப்போ அது 'ஸ்ட்ராண்ட்'. 1915 மே மாசம் 'ஆல்ட்விச்'னு மாத்தினாங்க. 'ஸ்ட்ராண்ட்' பேரை அந்தாண்ட இருக்கிற இன்னொரு ஸ்டேஷனுக்குக் குடுத்துட்டாங்க. இப்போ நார்தர்ன் லைன்ல சாரிங் கிராஸ்னு இருக்கு பாருங்க, 1973 வரைக்கும் அதுதான் ஸ்ட்ராண்ட். பழைய புத்தகத்துல ஸ்ட்ராண்ட் ஸ்டேஷன்னு படிச்சா வருஷத்தைப் பார்த்துட்டு மேலே படிங்க.

பிக்காடில்லி லைனோட ஒரு குட்டிக் கிளை இது. ஹோபன்ல இருந்து ஆல்ட்விச், அவ்ளோதான். நடுவுல ஸ்டேஷன் கிடையாது, அந்தாண்டையும் கிடையாது. 1994 செப்டம்பர் 30 கடைசி ரயில். அதே நாள்ல எசெக்ஸ் பக்கம் எப்பிங்–ஓங்கார் கிளையையும் மூடினாங்க. காரணம் லிஃப்ட். திறந்த நாள்ல போட்ட லிஃப்ட்டே கடைசி வரைக்கும் ஓடுச்சு. அதை மாத்த 30 லட்சம் பவுண்டு ஆகும்னு கணக்கு வந்தது. அப்போ நாளைக்கு 450 பேர்தான் வந்துட்டிருந்தாங்க.

2011ல இரண்டாம் தரப் பாரம்பரியக் கட்டடமா அறிவிச்சுட்டாங்க. அதனால அனுமதி இல்லாம யாரும் இடிக்க முடியாது. மீதியைப் பழைய_கோச்சி அண்ணை வந்து சொல்லணும். அந்தக் காலத்துல அதுலதான் வேலைக்குப் போனதா இங்கே ஒரு தடவை எழுதியிருந்தார்.

—

பழைய_கோச்சி:

வணக்கம் பிள்ளை. மேப்_பைத்தியம் என்னைக் கிணத்துக்குள்ளை இருந்து தூக்கிப்போட்டார்.

ஓம், நான் அதிலை போனனான். 88இல் லண்டனுக்கு வந்து ரேன்பைக் லேனிலை ஒரு அறையிலை நாலு பெடியள் இருந்தனாங்கள். ஸ்ராண்டுக்குப் பக்கத்துத் தெருவிலை ஒரு ஒஃபிஸ் கன்ரீனிலை கோப்பை கழுவுற வேலை. பிக்காடில்லி லைனிலை நேரை ஹோபன். அங்கை இறங்கி, சனம் எல்லாம் மேலை போற படியை நோக்கி ஓட, நாங்கள் கொஞ்சப் பேர் மட்டும் மற்றப் பக்கம் திரும்பி அஞ்சாம் பிளாற்போமுக்குப் போவம். அங்கை மூண்டு பெட்டியோடை ஒரு சின்னக் கோச்சி நிக்கும். ஏறி இருந்து பேப்பரை விரிச்சால் மடிக்கிற நேரம் வந்திடும், அவ்வளவுதான் தூரம். ஆல்ட்விச்சிலை எல்லாரும் இறங்க, றைவர் தன்ரை பையையும் எடுத்துக்கொண்டு பிளாற்போமாலை நடந்து மற்ற முனைக்குப் போவார். காலமை முழுக்க அவருக்கு உதுதான் வேலை.

அதுக்குப் பிறகு லிஃப்ற். நீங்கள் இப்ப பாக்கிற லிஃப்ற் மாதிரி நினைக்காதேங்கோ. ஒரு சின்ன அறை அளவு பெட்டி, உள்ளுக்கை பலகை அடிச்சிருக்கும், சுவர் நேராயில்லாமல் ஒரு பக்கம் அகண்டு ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கும். ஏனெண்டால் வட்டக் கிணறு மாதிரித் தோண்டின ஒரே குழிக்குள்ளை ரெண்டு லிஃப்றைப் பக்கத்திலை பக்கத்திலை இறக்கியிருந்தவை. குழி தோண்டினது மூண்டு, லிஃப்ற் போட்டது ஒண்டுக்குள்ளை மட்டும். மற்ற ரெண்டும் 1907இலிருந்து வெறுங் குழி. திறக்கேக்கையே இவ்வளவு சனம் வராது எண்டு கட்டினவைக்குத் தெரிஞ்சிட்டுது எண்டதுக்கு உதைவிட என்ன சாட்சி வேணும்?

இன்னொண்டு. 1922இலை ரிக்கற் குடுக்கிற அறையையும் பூட்டிப்போட்டு, லிஃப்ற்காரரே லிஃப்றுக்குள்ளை ரிக்கற் வித்தவை. கண்டக்டரும் அவர், லிஃப்ற் ஓடுறதும் அவர்.

இப்ப நீங்கள் கேட்ட 'ஏன்' எண்டதுக்கு வாறன். எல்லாரும் 1994ஐத்தான் சொல்லுவினம். நான் சொல்லுறது, அந்த ஸ்ரேசன் திறக்கிறதுக்கு முன்னமே அதின்ரை கதை முடிஞ்சுது.

முதலிலை ரெண்டு வேற வேற கொம்பனி. ஒண்டு வடக்கிலை வூட் கிறீன் பக்கமிருந்து நேரை தெற்கை ஸ்ராண்டுக்கு வர நினைச்சது, 1899இலை பாராளுமன்றத்திலை அனுமதியும் எடுத்தது. மற்றது மேற்கிலை பிறொம்ப்ரனிலிருந்து பிக்காடில்லி சேர்க்கஸுக்கு. சார்ள்ஸ் ரைசன் யேர்க்ஸ் எண்டு ஒரு அமெரிக்கன், சிக்காகோவிலை ராம் ஓட்டிக் காசு பாத்த ஆள், லண்டனுக்கு வந்து ரெண்டையும் கையுக்குள்ளை போட்டான். பிக்காடில்லியிலிருந்து ஹோபனுக்கு ஒரு துண்டு சுரங்கம் வெட்டி ரெண்டையும் பொருத்தினால் ஒரு நீட்டுப் பாதை வருமெல்லோ? அதுதான் இண்டைய பிக்காடில்லி லைன். பொருத்தினாப் பிறகு ஹோபனுக்குத் தெற்கை, ஸ்ராண்டுக்குப் போற வால் ஒண்டு மிஞ்சிப்போச்சு. சட்டை தைச்ச பிறகு மிஞ்சின துணி மாதிரி. அனுமதி எடுத்தாச்சு, இடமும் பாத்தாச்சு, கட்டிப்போட்டினம்.

பெரிய லைன் 1906 டிசம்பரிலை திறந்தது. இந்த வால் ஒரு வருசம் பிந்தி வந்தது. யேர்க்ஸ் ரெண்டையும் பாக்கேல்லை, 1905 கடைசியிலேயே செத்துப்போனார்.

ஸ்ரேசன் நிக்கிற காணியிலை முந்தி றோயல் ஸ்ராண்ட் தியேட்டர் எண்டு ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. 1905இலை அதைப் பூட்டி இடிச்சுப்போட்டுத்தான் இதைக் கட்டினவை. கட்டின பிறகு, நாடகம் பாத்திட்டு இரவிலை வீடு போற சனத்துக்கெண்டு ஃபின்ஸ்பறி பார்க் வரைக்கும் ஒரு விசேட கோச்சி விட்டுப் பாத்தவை. 1908இலேயே அதையும் நிப்பாட்டியாச்சு. நாடகக் கொட்டகையை இடிச்சுப்போட்டு நாடகம் பாக்கிற சனத்தை எதிர்பாத்தால் எப்படி வரும்? (மற்றக் கொட்டகையள் பக்கத்திலை இருந்தது உண்மைதான். எண்டாலும் நான் இதைச் சொல்லிச் சிரிக்கிறதை நிப்பாட்டப் போறதில்லை.)

சிவப்பு ஓட்டைப் பற்றிக் கேட்டனீங்கள். அது லெஸ்லி கிறீன் எண்ட கட்டடக் கலைஞரின்ரை கைவேலை. யேர்க்ஸின்ரை கொம்பனிக்கு ஒரே மாதிரி ஐம்பது ஸ்ரேசன் மட்டிலை கட்டிக் குடுத்தவர். கொவென்ற் கார்டின், றஸல் ஸ்குவெயார் எல்லாம் போய்ப் பாருங்கோ, அதே சிவப்புத்தான். வேலைப் பளுவிலை உடம்பு கெட்டு 1908இலை 33 வயசிலை காலமானவர். உள்ளுக்கை இரும்புச் சட்டம், மேலை மொட்டைத் தட்டு. பிற்காலத்திலை அதுக்கு மேலை மாடி எழுப்பி வாடகை எடுக்கலாம் எண்ட கணக்கு.

—

கணக்குப்பிள்ளை_ஹாரோ:

அண்ணை எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஆனா உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டுப் பார்த்தா மூடினது சரிதானே? ஹோபன்ல இருந்து நடந்தா பத்து நிமிஷம். அந்தப் பக்கம் டெம்பிள் ஸ்டேஷன் இருக்கு, அது இன்னும் கிட்ட. நாளைக்கு 450 பேருக்காக 30 லட்சம் பவுண்டுல லிஃப்ட் யார் போடுவாங்க? வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு நஷ்டம் வேற. நானா இருந்தா பத்து வருஷம் முன்னாடியே பூட்டியிருப்பேன்.

—

பழைய_கோச்சி:

கணக்குப்பிள்ளை, உம்மடை பேருக்கு ஏத்த மாதிரிக் கணக்கே பாப்பம்.

நாளுக்கு 450 பேர், வருசத்துக்கு 250 வேலைநாள் எண்டு வைச்சால் 1,12,500 பயணம். நட்டம் 1,50,000 பவுண். ஆளுக்கு 1 பவுண் 33 பென்ஸ். இதாலை லண்டன் மூழ்கிப்போகாது. நட்டம் ஒரு சாட்டு. உண்மையான ஆப்பு லிஃப்ற்தான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

ஆனால் 450 எண்ட எண் எப்பிடி வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. 1958இலேயே பூட்டப் பாத்தவை. சனம் எதிர்க்க, காலமையும் பின்னேரமும் வேலைக்குப் போற நேரம் மட்டும் ஓட்டுறம் எண்டு இறங்கி வந்தவை. 1962இலை சனிக்கிழமையையும் வெட்டினவை. ஞாயிறு 1917இலேயே போச்சு. நான் போன காலத்திலை மத்தியானம் பன்ரண்டு மணிக்கு அந்த வாசலுக்குப் போனால் கதவு பூட்டு. கோர்ட்டுக்கு வாறவன், இந்தியா ஹவுஸுக்கு விசாவுக்கு வாறவன், நாடகத்துக்கு வாறவன் எல்லாம் எந்த நேரம் வருவான்? மத்தியானமும் இரவும். அந்த நேரமெல்லாம் பூட்டி வைச்சுப்போட்டு ஆள் வரேல்லை எண்டு எண்ணிக் காட்டினால்? கடையை மத்தியானம் முழுக்கப் பூட்டிப்போட்டு வியாபாரம் இல்லை எண்ட கதைதான்.

எங்கடை யாழ்ப்பாண ஸ்ரேசனும் 1990இலை நிண்டது. 2014 ஒக்ரோபரிலை திரும்பத் திறந்தினம். இருபத்தினாலு வருசம். அங்கை யுத்தம், தண்டவாளமே இல்லை. இஞ்சை தண்டவாளம் இருக்கு, கரண்ட் இருக்கு, கோச்சி இருக்கு, சுரங்கம் காய்ஞ்சு நல்லா இருக்கு. லிஃப்ற் இல்லை.

—

நித்யா_மதுரை:

அண்ணா, ரொம்ப நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு சந்தேகம்.

ஒண்ணு, அந்த வாலை அப்படியே தேம்ஸுக்கு அடியில் நீட்டி வாட்டர்லூவில் சேர்த்திருந்தா கூட்டம் வந்திருக்குமே? மேப்பில் ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். இரண்டு, மியூசியம் சிலை கதை. எந்த மியூசியம், என்ன சிலை?

புஷ் ஹவுஸில் முன்னாடி பிபிசி இருந்ததுன்னு சொன்னாங்க. பிபிசி ஆட்களும் இந்த ஸ்டேஷனைத்தான் பயன்படுத்தினாங்களா?

—

பழைய_கோச்சி:

பிள்ளை, மூண்டு கேள்வியளையும் பின்னுக்கிருந்து சொல்லுறன்.

புஷ் ஹவுஸ். இரண்டாம் உலகப்போர் நேரத்திலிருந்து 2012 வரைக்கும் பிபிசி உலக சேவை அங்கைதான். அதுக்குள்ளைதான் தமிழோசையும். எங்கடை வீட்டிலை அப்பா இரவிலை சிற்றலையைப் பிடிச்சுக் கேக்கிறது தமிழோசை. 'லண்டன் பிபிசியின் தமிழோசை' எண்டு குரல் வந்தால் வீட்டிலை ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்திலை கரண்டும் இல்லை, பற்றறியும் தடை. அப்ப சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவிலை றேடியோ கேட்டவை. அப்பா கேக்க, தம்பி சுத்துவான் எண்டு கடிதத்திலை எழுதி வரும். நான் இஞ்சை அந்தக் கட்டடத்துக்கு எதிர்ப் பக்கத்திலை லிஃப்றாலை வெளியிலை வந்து கோப்பை கழுவப் போறன். வந்து கனநாளுக்கு அதுதான் புஷ் ஹவுஸ் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அண்டைக்கு வாசலிலை நிண்டு தூணை எல்லாம் அண்ணாந்து பாத்தனான். பிபிசி ஆக்கள் ஸ்ரேசனாலை வந்தவையோ எண்டால், காலமைக் கோச்சியிலை கனபேர் வருவினம். ஆனால் உலக சேவை இருபத்தினாலு மணித்தியாலமும் ஓடுறது. இரவு வேலைக்காரனுக்கு அந்த ஸ்ரேசன் ஒண்டுக்கும் உதவாது.

சிலை. பிரிட்டிஷ் மியூசியம்தான், அதுவும் எல்ஜின் மார்பிள்ஸ். ஏதென்ஸ் பார்த்தெனன் கோவிலிலை இருந்து கொண்டுவந்த பளிங்குச் சிற்பம், ஏறக்குறைய 2,500 வருசப் பழசு. கிரேக்கர் திருப்பித் தா எண்டு இண்டைக்கும் கேக்கினம். பூச்சி வராத சாமான், பாரமான சாமான் எண்டபடியாலை ஊருக்கு வெளியிலை அனுப்பாமல் பக்கத்திலை இருந்த ஆல்ட்விச் சுரங்கத்துக்குள்ளை வைச்சினம். கோவில் சுவரின்ரை உச்சியிலை கிடந்த குதிரைவீரர் வரிசை, கடைசியிலை பிக்காடில்லி லைனுக்குள்ளை!

அதுக்கு ஏன் இந்தச் சுரங்கம்? ஏனெண்டால் சும்மா கிடந்தது. ரெண்டு சுரங்கம், ரெண்டு பிளாற்போம் கட்டினவை எல்லோ? ஒரு கோச்சி போய்வர ஒண்டு காணும். கிழக்குப் பக்கத்துப் பிளாற்போமை முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே பூட்டிப்போட்டினம். பூட்டின கையோடை 1917இலை ஜேர்மன்காரர் குண்டு போட, நஷனல் கலறியிலை இருந்து 300 ஓவியம் மட்டிலை அதுக்குள்ளை கொண்டுபோய் வைச்சவை. ஆகவே அடுத்த யுத்தம் வரேக்கை மியூசியக்காரருக்கு முகவரி தெரியும்.

மற்றச் சுரங்கத்திலை சனம். 1940 செப்ரெம்பர் 22, லண்டன் மேல் இரவிரவாகக் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம், கோச்சியை முழுசா நிப்பாட்டிப் பதுங்குகுழி ஆக்கினவை. மற்ற ஸ்ரேசனிலை எல்லாம் சனம் பிளாற்போமிலை படுக்கக் கோச்சி பக்கத்தாலை ஓடினது. இஞ்சை தண்டவாளத்திலையும் படுக்கலாம். கட்டில், கக்கூஸ், புத்தகம் இரவல் குடுக்கிற இடம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருந்தது. 1946 யூலை முதலாந் திகதிதான் திரும்பக் கோச்சி ஓடினது.

பதுங்குகுழி எண்டால் என்னெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. வேலைத்தலத்திலை ஒரு வயசுபோன இங்கிலீஷ்காரி, தான் சின்னனிலை அந்த ஸ்ரேசனுக்குள்ளை படுத்தது எண்டு எனக்குச் சொன்னவ. எங்கடை வீட்டு முற்றத்திலை பனங்குத்தி போட்டு மூடின பங்கரைப் பற்றி நான் சொன்னன். அதுக்குப் பிறகு அவவும் நானும்தான் ரீ குடிக்கப் போறது.

வாட்டர்லூ. கேக்கக் கூடாத கேள்வியைக் கேட்டிட்டியள், இது எனக்கு வயித்தெரிச்சல். திறக்க முன்னமே அந்த நினைப்பு இருந்தது, பாராளுமன்றம் விடேல்லை. 1965இலை அனுமதியே கிடைச்சது, காசு குடுக்க ஆளில்லை. வாட்டர்லூவிலை ஒவ்வொரு காலமையும் தெற்கு லண்டன் முழுக்க வந்து இறங்குது. ஆத்துக்கு அடியாலை ஒரு துண்டு வெட்டியிருந்தால் ஆல்ட்விச் இண்டைக்குக் கால் வைக்க இடமில்லாத ஸ்ரேசன். இன்னொரு தரமும் அதிர்ஷ்டம் வாசல் வரைக்கும் வந்தது. ஜூபிலி லைனை 1979இலை சாரிங் கிராஸ் வரைக்கும் திறந்தினமெல்லோ, அடுத்த ஸ்ரேசன் ஆல்ட்விச் எண்டுதான் திட்டம். அங்கையிருந்து சிற்றி, ஃபென்சேர்ச் ஸ்ரீற். சாரிங் கிராஸைத் தாண்டி ஆல்ட்விச்சுக்குக் கிட்டத்தட்ட வந்து முட்டுற வரைக்கும் சுரங்கம் வெட்டியே போட்டினம். பிறகு காசு இல்லை. பிறகு கிழக்கு லண்டனிலை கனறி வார்வ் எண்ட புது ஒஃபிஸ் வட்டாரம் வந்துது. 1999இலை லைனை கிறீன் பார்க்கிலை வளைச்சு வெஸ்ற்மினிஸ்ரர், வாட்டர்லூ எண்டு வேறை வழியாலை கொண்டுபோச்சினம். வெட்டின சுரங்கம் அங்கை கிடக்கு. சாரிங் கிராஸிலை இருந்த ஜூபிலி பிளாற்போமும் பூட்டு. இருவது வருசம்தான் அது உயிரோடை இருந்தது!

—

கணக்குப்பிள்ளை_ஹாரோ:

1.33 பவுண்டுக் கணக்கை ஒத்துக்கறேன். மத்தியானம் பூட்டினதையும் ஒத்துக்கறேன். ஆனா 30 லட்சத்தை அந்த 1,12,500-ஆல வகுத்துப் பாருங்க அண்ணை, ஆளுக்கு 26 பவுண்டு மேல வருது. அந்த லிஃப்ட் முப்பது வருஷம் ஓடும்னு வெச்சாலும் ஒரு பயணத்துக்கு இன்னும் 90 பென்ஸ் கூடுது. டிக்கெட்டை விட நஷ்டம் ஜாஸ்தி.

வாட்டர்லூ வரைக்கும் போயிருந்தா கதை வேற, அதுல நான் உங்க கட்சி.

—

சுதா_ஈஸ்ட்ஹாம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். உள்ளே போக வழி உண்டா என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே. உண்டு. லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம் 'ஹிடன் லண்டன்' என்ற பேரில் பூட்டிய ஸ்டேஷன்களுக்குள் கூட்டிப்போகிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.

லிஃப்ட் கிடையாது என்பதால் சுழல்படிதான், 160 படி. தட்டைச் செருப்பு இல்லை, ஷூ போட்டு வரச்சொல்வார்கள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது என் வீட்டுக்காரர் பாதியில் நின்று சுவரில் உள்ள ஓட்டின் வேலைப்பாட்டைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டார்.

மேலே டிக்கெட் கொடுக்கும் அறையின் மர ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஜன்னல், மேலே மரச்செதுக்கு, பச்சை ஓட்டுச் சுவர். லிஃப்டையும் திறந்து காட்டினார்கள். அண்ணன் சொன்ன கோணல் பெட்டியேதான்.

கீழே மேற்குப் பிளாட்ஃபார்மில் ஒரு பழைய ரயில் நிற்கிறது, சினிமாக்காரர்களுக்காக வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் இன்னும் ஹோபன் வழியாக மெயின் லைனோடு சேர்ந்தே இருப்பதால் ரயிலைக் கொண்டுவரவும் எடுத்துப்போகவும் முடிகிறதாம். ஓடுகிற ஸ்டேஷனில் ஷூட்டிங் வைத்தால் இரவில் சில மணி நேரம்தான் கிடைக்கும். இங்கே எந்த நேரமும் எடுக்கலாம். சுவரில் போர்க்காலப் போஸ்டர்களைப் பார்த்து நான் உருகிப்போய்விட்டேன், கூட்டிப்போன பெண் சிரித்துக்கொண்டே 'அது படப்பிடிப்புக்கு ஒட்டினது' என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது கிழக்குப் பிளாட்ஃபார்ம்தான். 300 ஓவியங்கள் இருந்ததாக அண்ணன் சொன்னாரே, அந்தப் பக்கம். சுவர் பாதிக்குத்தான் ஓடு, மீதி வெறும் இரும்பு வளையம் தெரிகிறது. சில இடத்தில் சம்பந்தமே இல்லாத நிறத்தில் ஒரு சதுரம், பக்கத்தில் வேறு மாதிரி இன்னொரு சதுரம். மற்ற ஸ்டேஷன்களைப் புதுப்பிப்பதற்கு முன்னால் ஓடும் நிறமும் எப்படி இருக்கும் என்று இங்கே ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரும் வராத சுவர், தவறினால் யாருக்கும் தெரியாது.

டிக்கெட் விற்பனைக்கு வந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வருடம் முழுக்கவும் நடப்பதில்லை. மியூசியத்தின் மின்னஞ்சல் பட்டியலில் பேரைக் கொடுத்து வையுங்கள் நித்யா.

—

நித்யா_மதுரை:

அக்கா, பேர் கொடுத்துட்டேன். இந்த முறை ஆல்ட்விச் விற்பனையில் இல்லை, அடுத்த பட்டியல் வரும்வரை காத்திருக்கணும்.

இன்னிக்கு வகுப்பு முடிஞ்சு சர்ரே ஸ்ட்ரீட் வாசலில் நின்னு பார்த்தேன். அண்ணா, நீங்க எந்த வாசல் வழியா வெளியே வருவீங்க? ஸ்ட்ராண்ட் பக்கமா, சர்ரே ஸ்ட்ரீட்டா? இப்போ காலேஜ் முன்னாடி ஸ்ட்ராண்டில் வண்டியே போகாது, நடக்கிறவங்களுக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க, பெஞ்செல்லாம் போட்டிருக்கு. உங்களுக்கு அடையாளமே தெரியாது.

—

பழைய_கோச்சி:

ஸ்ராண்ட் பக்கத்தாலைதான் பிள்ளை வாறது. அப்ப அது பஸ் ஓடுற றோட்டு, வெளிக்கிட்ட உடனை டீசல் மணம் மூஞ்சையிலை அடிக்கும். றோட்டை மறிச்சாப் பிறகு நான் ஒருக்காத்தான் வந்தனான், மகளின்ரை பட்டமளிப்புக்கு. நீங்கள் படிக்கிற அதே கிங்ஸ்தான்.

சுதா தங்கச்சி சொன்ன பட்டியலிலை சாரிங் கிராஸும் வரும், தவறவிடாதேங்கோ. பூட்டின ஜூபிலி பிளாற்போமைக் காட்டுவினம். ஆல்ட்விச்சுக்கு ரிக்கற் கிடைக்குமட்டும் அதைப் பாருங்கோ. அங்கை போனால், அந்தச் சுரங்கம் எந்தத் திசைக்கு நீளுது எண்டு கூட்டிக்கொண்டு போறவரிட்டைக் கேளுங்கோ, உங்கடை வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டுவார்.

கணக்குப்பிள்ளை, 90 பென்ஸ் சரி. ஆனால் பகல் முழுக்கத் திறந்து வைச்சு, ஆள் ரெண்டு மடங்கு வந்தால் அது 45 பென்ஸ். அடுத்த கிழமை ஹாரோவுக்கு வாறன், நேரை கதைப்பம்.